தேய்க்காமல் தீராது

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு உட்சுவரைத் தடவினாலும் விரலில் வழவழப்பாக ஏதாவது ஒட்டும். பாசி என்று சொல்லிக் கையை உதறிவிடுகிறோம். தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது, பிளீச்சிங் பவுடரும் போட்டாயிற்று, பிறகென்ன என்று மூடியை மூடிவிடுகிறோம். வெளிச்சமே புகாத தொட்டியில் பாசி வளராது. விரலில் ஒட்டுவது பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, தாமே சுரந்த பிசினுக்குள் புதைந்து வாழும் படலம். அறிவியலில் இதை பயோஃபிலிம் என்பார்கள். நுண்ணுயிர்ப் படலம் என்று தமிழில் சொல்லலாம்.

தொட்டியோடு நின்றுவிட்டால் இதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை. காலையில் பல் துலக்கும்போது நாம் தேய்த்து எடுப்பது இதைத்தான். சர்க்கரை நோயாளியின் காலில் மாதக் கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்ணின் மேல் இது படிந்திருக்கிறது. படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவருக்குப் பொருத்திய சிறுநீர்க் குழாயின் உட்புறத்தில் வளர்கிறது. செயற்கை மூட்டிலும் இதய வால்விலும்கூடக் குடியேறுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றி நாடே பேசுகிறது. 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் அவற்றால் நேரடியாக இறந்ததாக ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஆனால், அந்தப் பேச்செல்லாம் மாத்திரையைச் சுற்றியே நடக்கிறது. கிருமி ஒட்டி வாழும் பரப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் ஊர்களின் பொது சுகாதாரத்தில் இன்றுள்ள பெரிய ஓட்டை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

தனிக் கிருமி, படலக் கிருமி

நீரில் தனியாக நீந்தும் பாக்டீரியா ஒரு பரப்பைத் தொட்டதும் சில மணி நேரத்தில் அங்கே ஒட்டிக்கொள்கிறது, பெருகுகிறது, சர்க்கரைப் பொருட்கள், புரதங்கள், டி.என்.ஏ. ஆகியவை கலந்த பிசினைச் சுரக்கிறது. பாவு நூலுக்குப் போடும் கஞ்சி, பிரிந்து நிற்கும் இழைகளைப் பிடித்து, தறியின் உரசலைத் தாங்க வைப்பதைப்போல இந்தப் பிசின் கிருமிகளை ஒன்றாகப் பிடித்துக் காக்கிறது. பெரும்பாலான படலங்களின் உலர் எடையில் பத்தில் ஒன்பது பங்கு பிசின்தான்; கிருமிகளின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

படலத்துக்குள் போய்விட்ட கிருமியைக் கொல்ல, தனியாகத் திரியும் அதே கிருமிக்குத் தேவைப்படுவதைவிடப் பத்து முதல் ஆயிரம் மடங்கு வரை கூடுதல் மருந்து தேவைப்படலாம். மருந்தின் ஒரு பகுதி பிசினிலேயே சிக்கித் தங்கிவிடுகிறது. அடி அடுக்கில் பிராணவாயுவும் உணவும் குறைவு என்பதால், அங்குள்ள கிருமிகள் வளர்ச்சியை நிறுத்திவிட்டு அடங்கிக் கிடக்கின்றன. பல ஆன்டிபயாடிக் மருந்துகள் வளரும் கிருமியை மட்டுமே தாக்கவல்லவை. மருந்து நின்றதும் அடங்கிக் கிடந்தவை மறுபடி பெருகுகின்றன. நெருக்கமாக வாழ்வதால், மருந்தை எதிர்க்கும் மரபணுக்களையும் ஒன்றுக்கொன்று எளிதாகப் பரிமாறிக்கொள்கின்றன.

“மாத்திரை சாப்பிடுற வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு, நிறுத்துனதும் திரும்ப வந்துடுச்சு” என்று நோயாளிகள் சொல்வதன் காரணம் பல நேரங்களில் இதுவே. படலத்திலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலந்த கிருமிகளை மருந்து கொன்றது, காய்ச்சல் தணிந்தது, ஊற்றுக்கண் அப்படியே இருந்தது. ஆய்வகத்தில் செய்யும் கல்ச்சர் சோதனையும் இங்கே கைகொடுப்பதில்லை. அது தனியாக வளர்க்கப்பட்ட கிருமியின் மேல் மருந்தைச் சோதிக்கிறது. இந்த மருந்து கேட்கும் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் உடலுக்குள் அது கேட்காமல் போவதற்கு ஆய்வகத்தையோ மருத்துவரையோ குறைசொல்ல முடியாது.

இது புதிதாகத் தெரிந்த செய்தியும் அல்ல. நெதர்லாந்தின் லீவன்ஹூக் தன் பல்லிலிருந்து சுரண்டிய அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். காடியால் பல்லைக் கழுவியபோது மேற்புறத்து உயிர்கள் மட்டுமே மடிந்ததையும், உள்ளிருந்தவை பிழைத்ததையும் அவரே கவனித்திருக்கிறார். பிறகு, கனடாவைச் சேர்ந்த பில் காஸ்டர்டன் 1978-இல் எழுதிய கட்டுரை, இயற்கையில் பாக்டீரியா பெரும்பாலும் ஒட்டித்தான் வாழ்கிறது என்பதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. தீராமல் தொடரும் தொற்றுகளுக்குப் படலம் ஒரு பொதுக் காரணம் என்று அவரும் சக ஆய்வாளர்களும் 1999-இல் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினார்கள். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த அறிவு நம் பேரூராட்சி அலுவலகத்துக்கும் தெருமுனை கிளினிக்குக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

வாணியம்பாடி கற்றுத்தந்தது

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் நடந்ததைத் தமிழகம் மறந்துவிடக் கூடாது. அங்கே ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற தொற்று ஏற்பட்டது. அவர்களில் 8 பேர் இறந்தார்கள். 2023-இல் இது கண்டறியப்பட்டது. வேலூர் சி.எம்.சி., சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் வல்லுநர்கள் செய்த புலனாய்வு, 2025-இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வெளியானது. வாயைக் கழுவப் பயன்படுத்தும் சலைன் பாட்டிலை, சிகிச்சைக்கான கருவி ஒன்றாலேயே திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியது தொற்று பரவ வழிவிட்டது என்பது அதன் முடிவு.

இந்த நோயைத் தரும் பர்கோல்டேரியா கிருமி மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழ்வது. படலம் அமைப்பதில் தேர்ந்தது. சத்து எதுவும் இல்லாத காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டுகள் அது உயிரோடு இருந்ததைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாணியம்பாடியில் படலம்தான் காரணம் என்று ஆய்வு சொல்லவில்லை. நானும் சொல்ல வரவில்லை. ஆனால் திறந்த பாட்டில், ஈரமான கருவி, தேங்கிய நீர் ஆகிய மூன்றும் கிருமி ஒட்டி வளரப் போதுமானவை என்பதை அந்த 8 மரணங்களுக்குப் பிறகும் நாம் உணராமல் இருக்க முடியாது.

பல் மருத்துவ நாற்காலியில் நீர் பீய்ச்சும் மெல்லிய குழாய்களில் படலம் வளர்வது உலகெங்கும் அறிந்த சிக்கல். அந்தக் குழாய்களின் விட்டம் சிறியது; இரவெல்லாம் நீர் அசையாமல் நிற்கும். 2016-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பால் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்ட எழுபது குழந்தைகள் வரை இப்படி நீர்வழித் தொற்றுக்கு ஆளானார்கள். தாடை எலும்பின் பகுதியையே இழந்த குழந்தைகள் உண்டு. பணமும் சட்டமும் மிகுந்த நாட்டிலேயே இப்படி நடந்தது. நம் சிற்றூர்களில் குறைந்த கட்டணத்துக்கு நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கும் பல் மருத்துவர்களுக்கு இதில் பயிற்சியும் துணையும் கொடுப்பது அரசின் பொறுப்பு.

நின்றே உழைக்கும் கால்கள்

இளம்பிள்ளையையும் சுற்றியுள்ள ஊர்களையும் வாழவைப்பது தறி. கைத்தறிக்காரர் காலால் மிதியை அமுக்கியே சேலையை நெய்கிறார். விசைத்தறிக்காரர் தறிக்கும் தறிக்கும் இடையே ஷிஃப்ட் முடியும்வரை நின்றும் நடந்தும் வேலை பார்க்கிறார். இந்த ஊரில் கால் போனால் பிழைப்பு போயிற்று.

2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இன்டியாப்’ ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். வயது வந்தவர்களில் நாடு முழுவதற்குமான விகிதம் 11.4 சதவீதம், தமிழகத்தில் 14.4 சதவீதம். நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்குகிறது. கல் குத்தினாலும் கொப்புளம் உடைந்தாலும் வலி தெரிவதில்லை. வலி இல்லாததால் கவனிப்பும் இல்லை. அந்த இடைவெளியில் புண்ணின் மேல் படலம் படிகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாத புண்கள் 50-இல் 30-இல் படலம் இருந்தது; புதிய புண்கள் 16-இல் ஒன்றில் மட்டுமே இருந்தது.

இந்தப் புண்ணுக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறோம். கேப்சூலைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவுகிறோம். மருந்து மேலே காய்ந்து பொருக்காகிறது. அடியில் படலம் வளர்கிறது. உள்ளபடியான சிகிச்சை, செத்த தசையையும் படிந்த படலத்தையும் பயிற்சி பெற்றவர் சுரண்டி அகற்றிச் சுத்தம் செய்வது. ஒருமுறை செய்தால் போதாது. இரண்டு மூன்று நாட்களில் படலம் மறுபடி உருவாகத் தொடங்கும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சுரண்டிய உடனே உள்ள அந்தச் சில நாட்களில்தான் மருந்தும் நன்றாக வேலை செய்யும்.

மக்கள் இதற்குப் பயப்படுகிறார்கள். “போனாலே வெட்டிவெட்டி எடுக்கிறாங்க, கடைசியில விரலையே எடுத்துடுவாங்க” என்று சொல்லித் தள்ளிப்போடுகிறார்கள். விரல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தள்ளிப்போடுதல்தான். ஒருநாள் கூலியை விட்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய்வருவது தறித் தொழிலாளிக்கு எளிதில்லை என்பதும் உண்மை. தமிழக அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்க வந்திருக்கிறது, மனமார வரவேற்கிறேன். பரிசோதனையோடு நில்லாமல், வாரம் இருமுறை புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவதற்குப் பயிற்சி பெற்ற செவிலியரும் கருவிகளும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்தால்தான் அது தறி ஓட்டுபவரின் காலைக் காக்கும்.

வாயும் காலும் வேறு வேறு என்று எண்ண வேண்டாம். பல்லில் படியும் படலம் காறையாக இறுகி ஈறு நோயாகும்போது சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றுகிறது. வாய் கொப்பளிக்கும் மருந்தால் மட்டும் இந்தப் படலம் போகாது. தேய்த்தால்தான் போகும்.

குழாயை எடுப்பதும் சிகிச்சையே

பக்கவாதம், புராஸ்டேட் வீக்கம், இடுப்பெலும்பு முறிவு என்று பல காரணங்களால் சிறுநீர்க் குழாயோடு வீடு திரும்பும் பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. ஒரு மாதம் கடந்தால் கிருமி சேராத குழாய் இல்லை என்றே சொல்லலாம். சில வகைக் கிருமிகள் சிறுநீரில் உள்ள உப்பைப் படிய வைத்து, குழாயையே அடைத்துவிடும்.

கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்ததுமே, காய்ச்சல் வலி எதுவும் இல்லாதவருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம். குழாயில் படிந்தது போகாது. மருந்தை எதிர்க்கும் கிருமிகள் மட்டும் மிஞ்சும். குழாய் இன்னும் தேவைதானா என்று தினமும் கேட்பது, தேவையில்லை என்றதும் எடுத்துவிடுவது, தேவையென்றால் உரிய காலத்தில் மாற்றுவது ஆகியவையே இங்கே முதல் சிகிச்சை. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள். குழாய் எப்போது போடப்பட்டது, எப்போது மாற்ற வேண்டும் என்று அவர்கள் ஓர் அட்டையில் எழுதி வைத்தாலே எத்தனையோ காய்ச்சல்களைத் தடுக்கலாம். இதற்குப் புதிய நிதி வேண்டியதில்லை.

முறை வைத்து வரும் தண்ணீர்

நம் பகுதியில் குழாய்த் தண்ணீர் நாளெல்லாம் வருவதில்லை. முறை வைத்துத் திறந்துவிடுகிறார்கள். தொட்டியிலும் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்கிறோம். குழாய் காலியாக நிற்கும்போது அதன் உட்சுவரில் படலம் தங்குகிறது. விரிசல் வழியாக வெளிநீரும் கசிந்து நுழைகிறது. தண்ணீர் திரும்ப வேகமாக வரும்போது படிந்தது பெயர்ந்து வருகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் எமிலி கும்பெல், காரா நெல்சன் ஆகியோர் செய்த ஆய்வுகள், முறை வைத்து வரும் நீரில் தொடக்கத்தில் வரும் பங்கு அதிகக் கலங்கலும் அதிகக் கிருமியும் கொண்டிருப்பதைக் காட்டின. தண்ணீர் வந்ததும் முதலில் பிடிக்கும் குடத்தைப் பாத்திரம் கழுவவும் செடிக்கு ஊற்றவும் ஒதுக்குவது நல்லது.

குடிநீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டிச் சுவரைத் தேய்க்காமல் பிளீச்சிங் பவுடரை மட்டும் கலக்கினால் குளோரினின் பெரும் பகுதி அந்தப் பிசினோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். தெருக்கோடி வீட்டுக் குழாயில் எதுவும் மிஞ்சாது. முதலில் நீரை வடித்துவிட்டு, பிரஷ்ஷால் சுவரையும் அடியையும் தேய்த்து, அழுக்கு நீரை வெளியேற்றி, அதற்குப் பிறகே குளோரின் போட வேண்டும்.

டெங்குவைத் தடுக்க வீடு வீடாக வரும் பணியாளர்கள் தொட்டிக்குள் புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரில் மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்தால் முட்டையும் போகும், படலமும் போகும். ஒரே வேலையில் இரண்டு நோய்த் தடுப்பு. இதை மக்களுக்குச் சொல்லும் வாய்ப்பு ஒவ்வொரு வாரமும் வாசல் வரை வருகிறது.

பண்ணைக்காரர்கள் அறிந்தது

பக்கத்து நாமக்கல்லில் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோழிகள் நிப்பிளைக் கொத்தி நீர் குடிக்கும் குழாய்களில் வைட்டமினும் மருந்தும் கலந்து விடுவார்கள். அவற்றின் சத்தே குழாய்க்குள் படலம் வளர உணவாகிறது. கோழிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் குழாயைக் கழுவ வேண்டும் என்பதை நல்ல பண்ணையாளர் அறிவார். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு ஊறவைத்து, அழுத்தத்தோடு நீர் பாய்ச்சிக் குழாயைச் சுத்தம் செய்கிறார்கள். மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. அந்தத் தடை நிலைக்க வேண்டுமானால் மருந்து தேவைப்படாத பண்ணைகள் பெருக வேண்டும். அதற்கு முதல் படி சுத்தமான குழாய். கோழிக்குத் தெரிந்து செய்வதை மனிதருக்குச் செய்யத் தயங்குவானேன்?

எல்லாப் படலமும் தீமை செய்வதில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் கல்லிலும் பிளாஸ்டிக்கிலும் படலத்தை வளர்த்தே அழுக்கைச் சிதைக்கிறார்கள். நம் தோலிலும் குடலிலும் ஒட்டி வாழும் கிருமிகள் பல நம்மைக் காக்கின்றன. எல்லாவற்றையும் கொல்லும் சோப்பும் ஸ்பிரேயும் வாங்கிக் குவிக்கச் சொல்வது என் நோக்கமில்லை. எங்கே படிந்தால் ஆபத்து என்று அறிந்து அங்கே மட்டும் அகற்றினால் போதும்.

என்ன செய்ய வேண்டும்?

மருந்தெதிர்ப்பு குறித்த விழிப்பில் தமிழகம் பின்தங்கியதில்லை. என்.டி.எம்.-1 என்ற மருந்தெதிர்ப்பு மரபணு பரவியிருப்பதை 2010-இல் உலகுக்குச் சொன்ன ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்று நாட்டின் மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி 2012-இல் வெளியிட்டது ‘சென்னைப் பிரகடனம்’. மருத்துவர் சீட்டு இல்லாமல் பல ஆன்டிபயாடிக்குகளை விற்கக் கூடாது என்ற எச்-1 பட்டியல் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இவை எல்லாம் மருந்தைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள்; தேவையானவை. மருந்தே தேவைப்படாமல் தடுக்கும் முயற்சி இவற்றோடு சேர வேண்டும்.

முதலாவதாக, தமிழகத்தில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கும் ஆய்வுகளில், சிறு கிளினிக்குகளும் பல் மருத்துவமனைகளும் கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரித்த பதிவேட்டை வைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு சிறிய சலைன் பாட்டில் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவதாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் புண்ணுக்கென நாள் குறித்து, தறி ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சிகிச்சை தர வேண்டும். மூன்றாவதாக, சிறுநீர்க் குழாயோடு வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தேதி அட்டை வேண்டும். நான்காவதாக, மேல்நிலைத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிய நாளோடு, தெருக்கோடிக் குழாயில் அளந்த குளோரின் அளவையும் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும். தொட்டிக்குள் இறங்கித் தேய்க்கும் பணியாளருக்குப் பாதுகாப்பு உபகரணங்களும் உரிய கூலியும் தரப்பட வேண்டும். அவர் செய்வது நோய் தடுக்கும் வேலை.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. படலத்தைக் கரைக்கும் மருந்துகளை ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன; அவை வரும்போது வரட்டும். அதுவரை காத்திருக்க, ஆறாத காலோடு தறிமுன் நிற்பவருக்கு நேரமில்லை. பேரூராட்சிகளில் இப்போது பகுதி சபை கூடுகிறது. சாலை, தெருவிளக்கு, சாக்கடை பற்றிக் கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளை அங்கே எழுப்புவோம்: எங்கள் தொட்டி கடைசியாகத் தேய்க்கப்பட்டது எப்போது? எங்கள் சுகாதார நிலையத்தில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டத் தெரிந்த செவிலியர் இருக்கிறாரா? பதில் கிடைக்கும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்போம்.